ஐந்து நீலக்கோடுகள்

"இன்னைக்கும் ஒண்ணு கம்மி," என்றார் ஜெகதீஸ்வரன், கண்ணாடித் தொட்டியின் முன்னால் குனிந்தபடியே. "நேத்து ஆறு. இப்ப அஞ்சுதான் இருக்குது."

மருமகள் மாலதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா எண்ணிப் பாத்தீங்களா மாமா?"

"நாலு தடவை எண்ணிட்டேன்."

ரயில்வேயில் ஓய்வு பெற்று ஆரம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்ட பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை அந்தத் தொட்டிதான். மூன்றடி நீளம். உள்ளே ஒரு குட்டிக் காடு. புல், பாசி, அகல இலைச் செடிகள், நடுவில் ஒரு மரவேர். அதில் பதினொரு நியான் மீன்களை விட்டிருந்தார். விரல்நுனி அளவுதான், உடம்பில் நீலக்கோடு மின்னும். பத்து நாளில் ஆறைக் காணோம். செத்து மிதக்கவும் இல்லை, துள்ளித் தரையில் விழவும் இல்லை.

"மரவேரோட ஏதோ ஒண்ணு உள்ள வந்திருக்கும் சார். ஒளிஞ்சிருந்து ஒவ்வொண்ணா முழுங்குது," என்று மீன் கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

வலை விட்டுப் பார்த்தார். நாலு செடி வேரோடு வந்தது, திருடன் வரவில்லை. பாட்டிலை அறுத்துப் பொறி வைத்தார். அதில் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஊரே மீன் புடிக்குது. நீ மூணடித் தண்ணியில தோத்துட்டியே நைனா," என்று சிரித்துவிட்டு மகன் பிரவீன் வேலைக்கு ரயிலேறப் போனான்.

"செடி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுத்தான் தேடணும்," என்றார் ஜெகதீஸ்வரன். சொல்லும்போதே குரல் இறங்கியது. இரண்டு வருடம் வளர்த்த காடு.

மாலதி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். ஏழு மாத வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தாள்.

"ஏரியில வலையே இல்லாம, கையால தடவி எறா புடிக்கிறவங்க இருக்காங்க மாமா. ஒருத்தங்களை வரச் சொல்லட்டுமா? செடிக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் யோசித்தார். யாரையும் சுலபமாக வீட்டுக்குள் விடுகிறவர் இல்லை அவர். பிரவீன் இவளைக் காதலித்துக் கூட்டி வந்தபோதுகூட, "பொண்ணு வரட்டும், அவ வீட்டு ஆளுங்க இந்தப் படி ஏறக் கூடாது" என்று சொல்லித்தான் கதவைத் திறந்தார். அவர்கள் யார், எந்த ஊர் என்றுகூட இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் இது வேறு. கூலிக்கு வருகிற ஆள்.

"சரி, வரச் சொல்லு."

மறுநாள் பதினொரு மணிக்கு ஏரிக்கரையிலிருந்து எல்லம்மா வந்தாள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் வெளுத்த புடவை. இடுப்பில் பனையோலையில் முடைந்த சின்னப் பறி. படிக்குக் கீழேயே நின்றாள்.

"உள்ள வாம்மா. அங்கயே நின்னா மீன் உன்னைத் தேடி வருமா?"

தயங்கி ஏறினாள். தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"இன்னா இது, வாயில?"

மாலதிதான் பதில் சொன்னாள். "ஏரியில ரெண்டு கையும் சேத்துல இருக்கும் மாமா. புடிச்சதைப் போட பறி வாயிலதான் இருக்கணும்."

"அப்ப பேச முடியாதே."

"முடியாது மாமா."

பறிக்குள் ஏதோ துணி திணித்திருந்தது. பிடித்ததை எங்கே போடுவாள் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கை தண்ணீருக்குள் போய்விட்டது.

எல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் செடிகளுக்கு நடுவே ஊர்ந்தன. மரவேரின் பொந்துக்குள் நுழைந்தன, பாசியின் அடியில் தடவின. தண்ணீர் கலங்கவே இல்லை. ஒரு மீன் அவள் கட்டைவிரலை உரசிக்கொண்டு அமைதியாகப் போனது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அவருக்கு மூச்சு விடவே தயக்கமாக இருந்தது. இந்த விரல்கள் எதைப் பார்க்கின்றன?

வெகு நேரம் கழித்து அவள் கையை எடுத்தாள். பறியையும் வாயிலிருந்து எடுத்தாள்.

"திருடன் இதுல இல்லைங்க. அஞ்சு மீனு, நாலு நத்தை. அவ்ளோதான்."

"அப்ப மீதி ஆறு?"

"எதுவோ எடுத்திருக்குது. ஆனா ஒரு எலை ஒடியல, ஒரு வேரு நகரல." அவள் குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது. "கைகாரத் திருடன்தான்."

"திருடனுக்கு சர்ட்டிபிகேட் வேறயா?"

"இனிமே குறையாதுங்க. எண்ணிப் பாருங்க."

கூலி கொடுத்தார். வாங்கவில்லை. "புடிக்காததுக்கு இன்னா கூலி? கை கழுவத் தண்ணி குடுத்தா போதும்."

"கொல்லையில குழாய் இருக்குது, வாங்க," என்று மாலதி கூட்டிப் போனாள்.

ஜெகதீஸ்வரன் மறுபடி குனிந்து எண்ணினார். ஐந்து. இன்னொரு முறை. ஐந்து. இனிமேல் குறையாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்வி அவரை உட்கார விடவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் நடந்தார்.

கதவு ஒருக்களித்திருந்தது. குழாயடியில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு மண்சட்டி. அதில் ஆறு நீலக்கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் காலிப் பறியும் பிரித்த துணியும் கிடந்தன. மாலதி நீட்டிய கையில் எல்லம்மா பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவ நான் இருக்கும்போது, ஏழாம் மாசம் உன்னை வெறுங்கையோட விட்டுடுவேனா?"

"சீக்கிரம் போடும்மா," என்றாள் மாலதி. "மாமா எண்ணி முடிச்சிடுவாரு."