இடப்பக்கம் சாய்த்தால்

காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த மோட்டார் சைக்கிளை வாங்கிவந்து, வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டிச் சரிசெய்திருந்தான் இருதயராஜ். ஏறி உட்கார்ந்து எவ்வளவு உதைத்தும் அது கிளம்பவில்லை. டீ கொண்டுவந்த மனைவி செலின் டம்ளரைக் கீழே வைத்தாள். பைக் என்றாலே பயந்து, எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போகிறவள். டேங்குக்கு அடியில் கைவிட்டு, குனிந்துகூடப் பார்க்காமல் பெட்ரோல் குழாயைத் திருகினாள். வண்டியை லேசாகச் சாய்த்தாள்.

“இப்ப உதைங்க.”

ஒரே உதையில் உறுமியது.

“ஒனக்கு எப்படிடீ தெரியும்?”

“இது இடப்பக்கம் சாய்ச்சாத்தான் எடுக்கும்.”

“இதுன்னா? இந்த வண்டியா?”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் தோளில் அவள் கை பழகிய கையாக வந்து விழுந்தது. கியரைப் போடவும் தோன்றாமல், இன்ஜினை அணைக்கவும் மனமில்லாமல் இருதயராஜ் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

“போங்க” என்றாள் செலின்.