மயில் கேட்ட மெட்டு

எந்தக் கூட்டத்தோடும் சேராமல், சொந்தமாக மெட்டுப் போட்டே பிழைப்பது என்று இருந்தது ஒரு சில்வண்டு. வெகுநாள் கழித்து மயிலிடமிருந்து அழைப்பு வந்தது. வரப்போகும் மழைக்கு ஆட, புதுசாக ஒரு மெட்டு வேண்டுமாம்.

சில்வண்டு இறக்கையை உரசி வாசித்துக் காட்டியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போன மழைக்குத் தவளை கத்துச்சே, அந்த மாதிரி ஏதாவது?" என்றது மயில்.

சில்வண்டின் அண்ணனை விழுங்கியது ஒரு தவளைதான். ஆனாலும் வந்த வாய்ப்பை விட மனசில்லாமல், மாற்றிப் போட்டுக் கொண்டுபோனது.

"இன்னும் கொஞ்சம் தவளை," என்றது மயில்.

மாற்றி மாற்றி இறக்கை ஓரம் பிய்ந்தது. கடைசியில் அச்சு அசல் தவளைச் சத்தமே வந்துவிட்டது.

"இதுக்கு நான் தவளையையே கூப்பிட்டிருப்பேனே," என்று சொல்லிவிட்டு மயில் போய்விட்டது.

அந்தி சாயும்போது சில்வண்டு வீடு திரும்பியது. அதன் மெட்டைக் கேட்டால்தான் மனைவி பொந்தைத் திறப்பாள். பழைய மெட்டை நினைத்துக்கொண்டு இறக்கையை உரசியது.

உள்ளே மனைவியின் குரல் கேட்டது.

"பிள்ளைகளா, மூச்சு விடாதீங்க. வாசல்ல தவளை நிக்குது. அப்பா இப்ப வந்துடுவாரு."