பிடித்தம் போக

"ஐம்பதாயிரம்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்க சார். பிடித்தமெல்லாம் போக கையில எவ்வளவு வரும்?"

தொலைபேசியில் அந்த நர்ஸ் வளைத்துப் பேசாமல் நேரே விஷயத்துக்கு வந்தாள். மலைமேல் இருந்த அந்தச் சின்ன மருத்துவமனையின் கிளார்க், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் டிரைவர், வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

அவர் பயம் நியாயமானது. எட்டு மாதமாக அங்கே நர்ஸ் கிடையாது. டாக்டர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். இந்த எட்டு மாதத்தில் மூன்று நர்ஸ்கள் வேலைக்கு விசாரித்தார்கள். இவன் கணக்கைச் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். இவள் நாலாவது.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சிஸ்டர். அந்த ஐம்பதுல எட்டாயிரம் மலைப்படி. முழுசா ஆறு மாசம் வேலை பார்த்த பிறகுதான் அது வரும். இதுவரைக்கும் இங்க எந்த நர்ஸும் ஆறு மாசம் இருந்ததில்ல. அதனால அந்த ஐம்பதாயிரத்தை யாரும் கண்ணால பார்த்ததும் இல்ல."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்போ நாற்பத்திரண்டு."

"அதுல வரி மூணாயிரம், பென்ஷன் பிடித்தம் நாலு, குவார்ட்டர்ஸ் வாடகை மூணு. கையில முப்பத்திரண்டு வரும்."

"பரவாயில்ல சார். வீட்டுக்கு மாசம் இருபது அனுப்பியே ஆகணும். அம்மாவுக்கு மருந்து, தங்கச்சிக்குப் படிப்பு. மிச்சம் பன்னிரண்டுல நான் இருந்துக்குவேன்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. டிரைவர் கண்ணாலேயே கெஞ்சினார். கிளார்க் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"கீழே இருக்கலாம் சிஸ்டர், இங்க முடியாது. உப்பு முதற்கொண்டு லாரியில ஏறி வரணும். தக்காளி கீழே நாற்பதுன்னா இங்க எழுபது. ஒரு ஆள் சாப்பாட்டுக்கே பத்தாயிரம் ஆயிடும். கேஸ் சிலிண்டருக்கு விலை தனி, தூக்கிட்டு வர்ற கூலி தனி. அது ஒரு ரெண்டாயிரம். அப்புறம் குளிர். ஹீட்டர் போட்டா கரண்ட் பில் இன்னொரு ரெண்டாயிரம். போடாம இருந்து பார்த்தேன், மூணு நாள்தான் முடிஞ்சது."

மறுமுனையில் அவள் சிரித்தாள். "ஆக மொத்தம் பதினாலு. மாசாமாசம் ரெண்டாயிரம் துண்டு விழும்."

"முதல் ஆறு மாசத்துக்கு. அப்புறம் மலைப்படி வந்துட்டா நிமிர்ந்துடலாம். இன்னொண்ணு, சேர்ந்த மாசமே ஒரு படிவம் கொடுத்தா வரியில பாதி வருஷக் கடைசியில திரும்பி வரும். இதை யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. நானே எழுதித் தர்றேன்."

"வேற எதாவது இருக்கா சார்?"

"அடுத்த மாசம் மழை. பாதை மூடினா ரெண்டு மாசத்துக்கு ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நினைச்சா ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வரலாம்னு இருந்துடாதீங்க."

"சார், நான் வரணும்னு நினைக்கிறீங்களா, வரக் கூடாதுன்னா?"

"வரணும்தான் சிஸ்டர். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வரணும்."

"வரலைன்னா?"

கிளார்க் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"வேற ஆள் பார்ப்போம். அதை நினைச்சு நீங்க முடிவு பண்ண வேண்டாம்."

வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாக அவள் போனை வைத்ததும், டிரைவர் பிடித்துக்கொண்டார்.

"போச்சு, நாலாவதும் போச்சு. தக்காளி விலை வரைக்கும் ஒப்பிக்கணுமா? பொய் சொல்லுன்னா சொல்றேன்? ஐம்பதுன்னு சொல்லிட்டு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா போதாதா? அதுவும் நீ போய் இப்படிப் பண்றியே தம்பி..."

"விடுங்கண்ணே. போன சிஸ்டர்கிட்ட அதைத்தானே செஞ்சோம்? அவங்க கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்தவங்க. முதல் மாசச் சம்பளச் சீட்டைப் பார்த்துட்டு இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்து அழுதாங்க. அவங்க பெட்டியை பஸ்ல ஏத்தினது நான். என்னால இன்னொரு தடவை முடியாதுண்ணே."

டிரைவருக்கு இந்தப் பையனைத் திட்டவும் மனம் வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை அவன் முன்னால் வைத்தார். அவன் டீயைத் தொடவில்லை. மருந்து இருப்புப் பதிவேட்டில் ஒரே வரியை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்தான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"சார், நான் வர்றேன்."

கிளார்க் எழுந்தே நின்றுவிட்டான்.

"மூணு இடத்துல கேட்டேன். என்ன வரும்னு எல்லாரும் சொன்னாங்க. என்ன போகும்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. துண்டு விழற ரெண்டாயிரத்தை தங்கச்சி டியூஷன் எடுத்துப் பார்த்துக்கறாளாம். மழை முடிஞ்சதும் வந்து சேர்ந்துடறேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"உங்க வசதிப்படி வாங்க சிஸ்டர்."

டிரைவர் பாய்ந்து வந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

"அம்மா, நான் ஆம்புலன்ஸ் டிரைவர் பேசறேன். நாளைக்குக் காலையில வண்டியோட உங்க வாசல்ல நிக்கறேன், கிளம்பி இருங்க. இவன் பொண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாசம், மலை இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்ககிட்ட அத்தனையும் சொன்ன இந்தப் பிள்ளை, அதை மட்டும் சொல்லலம்மா."