பதவி உயர்வுக்கு மறுநாள்

செண்பகாவும் ஜெசிந்தாவும் ஒரே நாளில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி எழுதிய நிரலில் இன்னொருத்தி பிழை தேடித் தேடித்தான் இருவரும் தொழில் கற்றார்கள். டீம் லீட் பதவிக்கு இருவருமே ஆசைப்பட்டார்கள், செண்பகாவுக்குக் கிடைத்தது.

மறுநாள் மதியம் அவள் டப்பாவோடு கேன்டீனுக்குப் போனபோது, வழக்கமான மேஜையில் சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஜெசிந்தா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க.”

“என்னடி புதுசா மரியாதை?”

“லீடு ஆயிட்டீங்கல்ல.” அவள் குரலில் கேலி இல்லை.

மற்றவர்கள் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். செண்பகா டப்பாவைத் திறந்து உருளைக்கிழங்கு வறுவலை ஜெசிந்தா பக்கம் நகர்த்தினாள். எப்போதும் கேட்காமலே கையை விட்டு அள்ளுகிறவள், இன்று ஸ்பூனால் ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ்” என்றாள்.