எழுபத்திரண்டு கிலோ

"எடை எவ்வளவு சார்?"

"எழுபத்திரண்டு."

நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ், எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தவரின் வயிற்றைப் பார்த்தாள். எழுபத்திரண்டை அந்த வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மூச்சை உள்ளே இழுத்தார். கொதிக்கிற எண்ணெய் கொட்டி வெந்துபோன தொடை சுரீர் என்றது.

"மெஷின்ல ஒரு தடவை பார்த்துடலாமே சார்?"

"எதுக்கு? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

பொய்தான். ஒரு வருடமாகக் காலையில் நடக்கப்போகிறேன் என்று கிளம்பி, தெருமுனை பேக்கரியில் உட்கார்ந்துவிட்டு வருகிற மகானுபாவர் அவர். மாதம் ஒரு கிலோ இறங்கியதாக மனைவியிடம் பெருமை வேறு அடித்தாகிவிட்டது. அந்த மனைவி இப்போது தலைமாட்டிலேயே நிற்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், அதை விழுங்கியவரை எங்கே மறைப்பது?

"இல்ல சார், தோல் ஒட்டுற ஆபரேஷன். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஊசி போடணும். எடைக்குத் தகுந்த அளவு போடணும். குறைச்சுப் போட்டா சீழ் பிடிச்சு, ஒட்டின தோல் மொத்தமும் உரிஞ்சு வந்துடும்."

அது அவருக்கும் தெரியும். தொடை போகட்டுமா, மானம் போகட்டுமா? கடைசியில் தொடைதான் ஜெயித்தது.

"தொண்ணூத்தி நாலு" என்று முனகினார்.

"என்னங்க! அப்போ தினம் தினம் நடந்தது?" என்றாள் மனைவி.

"பேக்கரி வரைக்கும் நடந்தேனே."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்க. இருந்தாலும் மெஷின்லயும் பார்த்துடறேன். இந்த வார்டுப் பெரிய டாக்டர் ரொம்பக் கறாராம் சார். 'எடையில பொய் சொல்றவன் தன் தோலுக்கே துரோகி, அவன் பேச்சை நம்பி எழுதாதே'ன்னு கத்துவாராம். தராசு டாக்டர்னே பேராம். நான் இன்னும் அவரைப் பார்த்ததில்ல. இன்னிக்கு வருவாரா, தெரியல."

அவர் மெதுவாகப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"அவர் வந்து மூணு நாளாச்சு சிஸ்டர்" என்றபடி மனைவி அந்தப் போர்வையை விலக்கினாள். "இதோ, படுத்திருக்காரே!"