மறையூர் ஏற்றத்தில் முதலிடம்

"ஏனுங் மாப்பிள்ளை, இன்னைக்கும் ரெண்டாவதுதானுங்களா? நானா இருந்தா அந்தக் கெழவரை எப்பவோ தாண்டியிருப்பேன்!" போனில் மச்சான் தங்கதுரை சிரித்தார்.

கோபிநாத் போனை வைத்தான். மறையூரிலிருந்து மூணாறுக்கு சைக்கிளில் ஏறுகிறவர்களின் நேரமெல்லாம் ஒரு செயலியில் பதிவாகும். அதில் முதலிடம் அறுபது வயது சங்கையாவுக்கு, இரண்டு மணி பத்து நிமிடம். அவரை முந்தத்தான் கோபிநாத் ஆறு மாதமாக நல்லேப்பிள்ளியிலிருந்து வந்து வந்து ஏறுகிறான். பத்து கிலோ எடை குறைந்ததுதான் மிச்சம். இன்றும் இருபது நிமிடம் பிந்திவிட்டான். அவரிடமே கேட்டுவிடலாம் என்று மூணாறில் அவருடைய சைக்கிள் கடையைத் தேடிப் போனான்.

"அண்ணா, இவ்வளவு வேகமா எப்படிங்க ஏறுனீங்க? என்னதான் சாப்பிடறீங்க?"

செயலியில் இருந்த தேதியைப் பார்த்ததும் சங்கையா தலையில் கை வைத்தார்.

"அட, அன்னைக்கு மறையூர்லயே செயின் அறுந்துபோச்சு தம்பி. சைக்கிளை ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்தேன். போன்ல இதை நிப்பாட்ட மறந்துட்டேன் போல. நடுவுல ரெண்டு எடத்துல டீ வேற குடிச்சோம்."

அப்படியானால் மிதித்து ஏறியவர்களில் கோபிநாத்தான் முதல்!

"மன்னிச்சுக்கோங்க தம்பி, இப்பவே அழிச்சிருதேன்."

"கொஞ்சம் பொறுங்ணா!" அவர் கையைப் பிடித்துக்கொண்டே மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், என்னால ஆகாதுங்க. ஞாயித்துக்கெழம நீங்களே வந்து அவரைத் தாண்டிக் காட்டிப்போடுங்க."