மூன்றாவது ஏரி

"இதோ, ரெண்டாவது ஏரி வந்தாச்சு!"

பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியோடு ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அத்தான் குரல்!

அதே ரெட்டை சைக்கிள். முன் சீட்டில் அத்தான். பின் சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு அக்கா. இரண்டு பேர் பெடலையும் ஒரே செயின் இணைத்திருந்ததால், நாலு காலும் ஒன்றாகச் சுற்றின.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இதே இடத்தைக் கடந்து போனார்கள். இவள் கூப்பிடுவதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்கள். அப்போது அவர் சொன்னது, "முதல் ஏரி!"

ஊருக்குள் இருப்பதே ஒரு ஏரிதான். மற்ற இரண்டும் மலைமேல், பைன் காட்டுக்குள் இருக்கின்றன.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"கண்ணாடி மாதிரி! அடியில கூழாங்கல்லு தெரியுது."

சின்னவள் எட்டிப் பார்த்தாள். பாசியும் ஒற்றைச் செருப்பும் மிதந்தன.

"இனிமே காடு. மேடு ஆரம்பிக்குது, காலை நல்லா ஊனிக்கோ!"

கியர் கடகடவென்று மாறியது. அத்தான் சட்டைப் பையிலிருந்து பைன் இலையை எடுத்துக் கசக்கிப் பின்னால் நீட்டினார். அக்கா முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது சுற்றில் அவர் மைத்துனியைப் பார்த்துவிட்டார். சட்டென்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டே கடந்து போனார். பத்தடி தள்ளிப் போனதும், "மூணாவது ஏரி!" என்று கூவினார்.

சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இன்னிக்கும் மலைக்குப் போனோம்டி' என்று அக்கா போனில் சொல்லும்போதெல்லாம், 'எங்க அத்தான் மாதிரி வருமா' என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசியவள் அவள்.

வீட்டுக்குப் போனதும் நேராக சைக்கிள் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"நல்லா இருக்கு அத்தான் உங்க மலை!"

"மெதுவா பேசு, சின்னவளே."

"கண்ணு தெரியாதவளை உட்கார வெச்சுச் செக்குமாடு மாதிரி ஒரே ஏரியைச் சுத்தறீங்க. சோம்பலா இருந்தா சோம்பல்னு சொல்லுங்க. இப்பவே அக்காகிட்டப் போட்டு உடைக்கறேன் பாருங்க."

செயினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அவர் கீழே வைத்தார்.

"எனக்கு நெஞ்சு பலவீனமா இருக்காம். சமதரையில மெதுவா மிதிக்கலாம், மேடு ஏறினா உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். போன வருஷம் வரைக்கும் நிஜமாத்தான் கூட்டிட்டுப் போனேன்."

சின்னவளின் குரல் இறங்கியது. "அதை அவகிட்ட சொல்லலாமே?"

"சொன்னா அன்னியிலேருந்து சைக்கிளைத் தொட மாட்டா. பார்வை போனப்புறம் அந்த ஜன்னலோர நாற்காலியே கதின்னு கிடந்தாளே, மறந்துட்டியா? மூணாவது ஏரின்னு ஆசை காட்டித்தான் அதுலேருந்து எழுப்பினேன்."

"மேடா சமமான்னு கால்ல தெரியாதா?"

"அதுக்குத்தான் கனமான கியர்!" அத்தானுக்குக் கொஞ்சம் பெருமை கூட வந்துவிட்டது. "மிதிக்கறப்ப மலை ஏறற மாதிரியே இருக்கும்."

"ஐயையோ, அது உங்க நெஞ்சுக்கு ஆகுமா?"

"அதுதான் வேடிக்கை. ஒரு துளி மூச்சு வாங்கல. டாக்டருங்க எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்றாங்க."

பேச்சு டாக்டரைப் பற்றி. கண் மட்டும் கொட்டகை வாசலுக்கு அப்பால், மலைமேல் இருந்தது.

உள்ளே, அக்கா கட்டிலில் உட்கார்ந்து கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் வலியா அக்கா?"

"பின்னே? மலை ஏறிட்டுல்ல வந்திருக்கேன்!"

சின்னவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அடுத்த தடவை நான் முன்னால உட்கார்ந்து, உன்னை நிஜமாவே மூணாவது ஏரிக்கு..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்காவின் கை நின்றது.

"உனக்கு சைக்கிளே விட வராதேடி. அத்தான் எங்கே?"

"கொட்டகையில."

"கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"மேடு ஏறும்போது உடம்பு பின்னால சாயணும். போன வருஷம் ஒரு நாள் சாயவே இல்லையே! அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. பீரோவைத் தடவினா புதுசா ஒரு மாத்திரை டப்பா. வைட்டமினாம். வைட்டமினை யாராவது குலுங்கிச் சத்தம் வரக் கூடாதுன்னு பஞ்சு வெச்சு அடைப்பாங்களா?"

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

"மலைன்னா அவருக்கு உசுருடி. வேண்டாம்னு சொன்னா, எனக்கு பதிலா அவர் அந்த நாற்காலியில உட்கார்ந்துடுவார். எனக்குச் சொல்ற சாக்குலயாவது வாரம் ஒரு தடவை மனசால மலைக்குப் போயிட்டு வரட்டுமே."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

"அந்த மூணாவது ஏரியில, காலையில பனி விலகினதும் மரமெல்லாம் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்கும். இப்பவும் நிக்கும், இல்லே?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் சரி. ஆனா அந்தக் கனமான கியர்? அவர் நெஞ்சுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அக்கா அடுத்த காலை நீட்டித் தைலத்தைத் தடவினாள்.

"ரெண்டு பேர் பெடலுக்கும் ஒரே செயின்தானே? அவர் காலைச் சும்மா வெச்சிருந்தாப் போதும். மலையை நான் மிதிச்சுக்கறேன்."